வகிடு அகலும்போது, நெற்றி ஏறும்போது

தலைக்குக் குளித்த அன்று குளியலறைச் சல்லடையில் சேரும் முடிச்சுருளைப் பார்த்துப் பயப்படாதவர்கள் குறைவு. ஆனால் பரம்பரை முடி மெலிவைக் கண்டுபிடிக்க அந்தச் சுருள் பெரிதாக உதவாது. ஆரோக்கியமான தலையிலும் நாளுக்கு 50 முதல் 100 முடி உதிரும். வாரம் ஒரு முறை மட்டும் தலை அலசுபவர்களுக்கு மற்ற நாட்களின் கணக்கும் அன்றைக்குச் சேர்ந்து வரும். ஒரே குளியலில் இருநூறு, முந்நூறு வந்தாலும் அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. இன்னொரு பக்கம், கொட்டுவதே தெரியாமல் ஐந்தாறு ஆண்டுகளில் உச்சந்தலைத் தோல் பளிச்சென்று தெரியும் நிலைக்கு வந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். விழுந்த முடிக்குப் பதிலாக முளைக்கும் முடி எவ்வளவு கனமாக வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு மயிர்க்காலும் சுழற்சியாக வேலை செய்கிறது. இரண்டு முதல் ஆறு ஆண்டு வளரும், இரண்டு மூன்று வாரம் சுருங்கும், ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வெடுக்கும், பிறகு பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியதை முளைக்கவிடும். பரம்பரை மெலிவு உள்ள தலையில் ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறைகிறது, மயிர்க்காலும் சிறுத்துப்போகிறது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். நான்கு ஆண்டு வளர்ந்த மயிர்க்கால் அரை மீட்டர் நீளத்துக்குக் கொடுக்கும். அதே மயிர்க்கால் ஓராண்டோடு நின்றுவிட்டால் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். "மேலே முடி இருக்கு, ஆனா ஜடை கீழே வர வர எலிவால் மாதிரி ஆயிடுச்சு" என்று பெண்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். கடைசியில் அந்த மயிர்க்கால் பூனைமுடி போன்ற மெல்லிய, நிறம் வெளுத்த முடியை மட்டுமே தரும். வயலில் கதிர் நின்றும் மணி பிடிக்காத நிலை போன்றது இது. மயிர்க்கால் நெடுங்காலத்துக்கு அங்கேயே இருக்கும், அதனால்தான் சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் உண்டு. பல ஆண்டு வழவழப்பாகக் கிடந்த இடத்தில் எந்த மருந்தும் பெரிதாக எதையும் முளைக்க வைப்பதில்லை.

மயிர்க்காலைச் சிறுக்க வைப்பது டிஎச்டி. டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி மாற்றும்போது உருவாகும் ஹார்மோன் இது. ஆண் ஹார்மோனுக்கும் வழுக்கைக்கும் உள்ள தொடர்பை 1942-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் நிறுவினார்: பருவமடையும் முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை, அவர்களில் குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது விழுந்தது. 1974-ல் டொமினிக்கன் குடியரசில் சில குடும்பங்களைப் பற்றி ஆய்வு வெளியானது. அந்த நொதியில் பிறவிக் குறை இருந்த அவர்களுக்கு டிஎச்டி மிகக் குறைவு. அந்த ஆண்களுக்குப் புரோஸ்டேட் சிறிதாகவே இருந்தது, வழுக்கையும் வரவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு என்ற மருந்து பிறந்த வழி அது.

இதில் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. வழுக்கை உள்ளவருக்கு இரத்தத்தில் ஆண் ஹார்மோன் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அளவு இயல்பாகவே இருக்கும். நெற்றி, உச்சி மயிர்க்கால்கள் அதற்குக் கூடுதலாகக் கூசுகின்றன, அவ்வளவே. பிடரி முடிக்கு அந்தக் கூச்சம் இல்லை. தாய்மாமன் தலையைப் பார்த்தால் உன் தலை தெரியும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது: ஆண் ஹார்மோன் ஏற்பிக்கான மரபணு தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆனால் சம்பந்தப்பட்ட மரபணுக்கள் நிறைய. தந்தை வழியும் சேர்ந்தே தீர்மானிக்கும். ஹெல்மெட், உப்புத் தண்ணீர், ஷாம்பு இவற்றில் எதுவும் இந்த வகை மெலிவைத் தொடங்கி வைப்பதில்லை. உப்புத் தண்ணீரில் முடி வறண்டு இடையில் ஒடியலாம், அது வேறு பிரச்சினை.

ஆண்களுக்கு நெற்றியின் இரு ஓரமும் மேலே ஏறும், உச்சியில் வட்டமாகத் தெரியும், பிறகு இரண்டும் சேர்ந்துகொள்ளும். 1975-ல் நார்வுட் என்ற மருத்துவர் திருத்திய ஏழு படிநிலைகளைத்தான் மருத்துவர்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள். பெண்களுக்கு முன்வரிசை முடி பெரும்பாலும் அப்படியே இருக்கும். வகிடு அகலும், அதிலும் முன்பக்கம் கூடுதலாக அகலும். லுட்விக் என்ற மருத்துவர் 1977-ல் இதை மூன்று நிலைகளாகப் பிரித்தார். பெண்கள் முழு வழுக்கையாவது மிக அரிது. ஆனால் "பொம்பளைக்கு எங்கேயாவது வழுக்கை விழுமா" என்று வீட்டில் ஒதுக்கித் தள்ளுவதால் அவர்கள் மருத்துவரிடம் வரும்போது நல்ல காலம் கடந்துவிடுகிறது. இது வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் ஆரம்பத்தில் வருபவர்களுக்கு நிறைய செய்ய முடியும்.

எல்லா முடி உதிர்வும் பரம்பரை மெலிவு அல்ல. டெங்கு, டைபாய்டு, கொரோனா, பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி டயட் இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். காய்ச்சல் போய் வெகுநாளாகிவிட்டதால் யாரும் இரண்டையும் தொடர்புபடுத்த மாட்டார்கள். இந்த உதிர்வு தலை முழுக்க ஒரே சீராக இருக்கும், ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் தானாகவே அடங்கும். அடங்கிய பிறகும் வகிடு பழைய அகலத்துக்குத் திரும்பவில்லை என்றால், அடியில் மறைந்திருந்த பரம்பரை மெலிவு வெளியே வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நாணயம் போல வட்டமாக, வழவழவென்று ஒரே இடத்தில் போனால் அது புழுவெட்டு. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை, புழு எதுவும் கிடையாது. இழுத்துக் கட்டும் கொண்டை, கனமான சவுரி இவற்றால் காதோரமும் நெற்றியோரமும் மெலிவது இன்னொன்று. தோல் சிவந்து, எரிச்சலோடு, முடித்துளையே தெரியாமல் பளபளப்பானால் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். தழும்பாகும் வகையில் போன முடி திரும்பாது.

பரிசோதனைப் பட்டியல் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு மூன்றும் பெண்களுக்குப் பார்ப்பது நல்லது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடப்பது நம் பெண்களிடம் சாதாரணம். மாதவிடாய் தள்ளிப்போவது, முகப்பரு, தாடையில் கறுத்த முடி இவை கூடவே இருந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று ஆண் ஹார்மோன் அளவையும் பார்க்கச் சொல்வார்கள். முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, ஆய்வகத்திலும் சொல்லிவிட வேண்டும். தைராய்டு முடிவையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் முடிவையும் அது பொய்யாக்கும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-லேயே இதை எச்சரித்தது. மருத்துவர் ட்ரைக்கோஸ்கோப் என்ற பூதக்கண்ணாடிக் கருவியால் தலையைப் பார்ப்பார். ஐந்தில் ஒரு முடிக்கு மேல் கனம் மாறுபட்டிருந்தால் பரம்பரை மெலிவு என்பது ஏறக்குறைய உறுதி.

இனி மினாக்ஸிடில். தொடங்கியவர்களில் நிறையப் பேர் பாதியில் விட்டுவிடும் மருந்து இது. விடுவதற்குச் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை தவிர்க்கக் கூடியவை. முதலில் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலைக்குப் பூசும் திரவமாக்கினார்கள். 1988-ல் அமெரிக்காவில் 2 சதவீதத் திரவம் அனுமதி பெற்றது. ஆண்களுக்கு 5 சதவீதத் திரவம் ஒரு வேளைக்கு 1 மி.லி., தினம் இரு வேளை. 60 மி.லி. குப்பி சரியாக முப்பது நாளில் தீர வேண்டும். இரண்டு மாதம் வருகிறது என்றால் பாதி அளவுதான் போகிறது என்று அர்த்தம். பெண்களுக்கு 2 சதவீதம் இரு வேளை, அல்லது 5 சதவீத நுரை ஒரு வேளை. 10 சதவீதம் என்று விற்பதை வாங்க வேண்டாம், எரிச்சல்தான் கூடும்.

பூசும் இடம் தலைத்தோல், முடி அல்ல. தலை உலர்ந்திருக்க வேண்டும். சீப்பின் முனையால் வகிடு எடுத்து, தோலில் சொட்டு விட்டு, விரல் நுனியால் லேசாகப் பரப்பி, ஒரு விரல்கட்டை தள்ளி அடுத்த வகிடு எடுங்கள். ஸ்ப்ரேயில் அடித்தால் பாதி மருந்து முடியில் ஒட்டிக்கொண்டு வீணாகும். குப்பியோடு வரும் அளவுக்கோடிட்ட சொட்டுக்குழாய் நல்லது. நுரை என்றால் நம் ஊர் வெயிலில் விரல் சூட்டிலேயே உருகிவிடும், விரலைக் குளிர்ந்த நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு எடுங்கள். நான்கு மணி நேரம் தலை நனையக் கூடாது. இரவில் பூசினால் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பூசிவிட வேண்டும். இல்லையென்றால் தலையணை வழியாக முகத்துக்கு இறங்கும், பெண்களுக்கு நெற்றியோரத்திலும் கன்னத்திலும் முடி முளைக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் பூனை இருந்தால் மிக மிகக் கவனம்: சிறிதளவு நக்கினாலும் அதன் உயிருக்கு ஆபத்து. கைக்குழந்தையைத் தலையோடு சேர்த்து அணைப்பவர்களும் மருந்து நன்றாகக் காய்ந்த பிறகே தூக்க வேண்டும். தொட்டுப் படிந்த மருந்தால் குழந்தைகளுக்கு உடம்பில் முடி வளர்ந்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன. திரவத்தில் ஆல்கஹால் இருப்பதால் பூசியதும் அடுப்படிக்குப் போகாதீர்கள்.

தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் முன்பைவிட அதிகமாகக் கொட்டும். ஓய்வில் இருந்த மயிர்க்கால்கள் புதிய சுற்றைத் தொடங்கும்போது பழைய முடியைத் தள்ளிவிடுகின்றன. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று இங்கேதான் பாதிப் பேர் நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள், சில வாரங்களில் அது அடங்கும். நான்காம் மாதத்துக்கு முன்னால் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்; பலன் உண்டா இல்லையா என்று ஓராண்டு கழித்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நிறுத்தினால் மூன்று முதல் ஆறு மாதத்தில் வந்த முடி போய்விடும். மருந்தால் முடி கொட்டிவிட்டது என்று அப்போது தோன்றும். உண்மையில் மருந்து பிடித்து வைத்திருந்த இடைவெளி மறுபடி தெரிகிறது. தலையில் வெள்ளைத் துகள் தெரிந்தால் பொடுகு என்று பயப்பட வேண்டாம், பல சமயம் காய்ந்த மருந்துதான். அரிப்பும் சிவப்பும் நீடித்தால் திரவத்தில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். நுரையில் அது இல்லை. கர்ப்பமாக இருப்பவர்களும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் மினாக்ஸிடிலைத் தவிர்க்க வேண்டும்.

தலையில் மருந்தை முடிக்குத் தகுந்த வடிவத்துக்கு மாற்றும் நொதி சிலருக்குக் குறைவு. அவர்கள் எவ்வளவு ஒழுங்காகப் பூசினாலும் பலன் வராது. அதனால் இப்போது மிகக் குறைந்த அளவில் மினாக்ஸிடில் மாத்திரையே கொடுக்கிறார்கள்: பெண்களுக்கு 0.25 முதல் 2.5 மி.கி., ஆண்களுக்கு 2.5 முதல் 5 மி.கி. முடிக்கென்று முறையாக அனுமதி பெற்ற பயன்பாடு அல்ல இது. கணுக்கால் வீக்கம், படபடப்பு, தலைசுற்றல், உடம்பில் முடி இவை வரலாம். இதயக் கோளாறு இருப்பவர்கள் மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கவே கூடாது.

ஃபினாஸ்டரைடு 1 மி.கி. 1997 முதல் ஆண்களுக்கு வழக்கத்தில் இருக்கிறது. இரத்தத்தில் டிஎச்டியை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும். இருப்பதைக் காப்பாற்றுவதில் இதற்கு இணையான மருந்துகள் குறைவு, உச்சியில் நன்றாகவும் நெற்றி ஓரத்தில் சுமாராகவும் வேலை செய்யும். சிலருக்கு ஆண்மை ஆர்வம் குறைவது, விறைப்பு தளர்வது நேரும். பரிசோதனைகளில் நூற்றில் ஓரிருவருக்குக் கண்டது, பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகும், சிலர் நிறுத்திய பிறகும் நீடிப்பதாகச் சொல்கிறார்கள். மனச்சோர்வையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது: தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் உறுதிசெய்தது. மனம் கனத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், வீட்டில் ஒருவருக்காவது இதைத் தெரிவித்து வைத்திருங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் புரோஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனை பார்க்கும்போது இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லியாக வேண்டும். அது அந்த அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். புற்றுநோய் கண்ணில் படாமல் தப்பிவிடலாம். சாப்பிடும் காலத்திலும், கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதமும் இரத்ததானம் கூடாது. காசு மிச்சம் என்று 5 மி.கி. மாத்திரையை நான்காக உடைப்பவர்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அதைச் செய்யவே கூடாது; அந்தத் தூள் உடம்பில் ஏறினால் ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

பிள்ளைப்பேற்று வயதில் உள்ள பெண்களுக்கு அதே காரணத்தால் ஃபினாஸ்டரைடு பெரும்பாலும் கிடையாது. ஆண் ஹார்மோன் கூடுதலாக உள்ளவர்களுக்கு அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை கொடுப்பதுண்டு, 50-ல் தொடங்கி 200 மி.கி. வரை. உறுதியான கருத்தடையோடு மட்டுமே எடுக்க வேண்டும். சிறுநீரகக் குறை உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஏறும், அவர்கள் பொட்டாசியம் நிறைந்த இளநீர் விஷயத்திலும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எண்ணெய் பற்றி நேராகவே சொல்லிவிடலாம். தேங்காய் எண்ணெய் முடித்தண்டிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது, முடி ஒடியாமல் இருக்கிறது. மயிர்க்காலைச் சிறுக்க வைக்கும் டிஎச்டியை அது தொடுவதில்லை. கரிசலாங்கண்ணி, சின்ன வெங்காயச் சாறு, செம்பருத்தி எதை நம்பியும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை இழந்துவிடாதீர்கள், பிறகு அந்தக் காலம் கிடைக்காது. எண்ணெய் தேய்க்கும் பழக்கத்தை விடவும் வேண்டாம்: குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் முடிக்குத் தேய்த்து, ஷாம்பு போட்டு அலசி, தலை காய்ந்தபின் மருந்தைப் பூசுங்கள். பொடுகு இருந்தால் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு வாரம் இரு முறை, நுரையை ஐந்து நிமிடம் தலையில் விட்டு. இரும்புச்சத்துக் குறை இருந்தால் மாத்திரை அவசியம். குறை இல்லாதவர்களுக்குப் பயோட்டின் முடியைக் கூட்டுவதற்குச் சான்று இல்லை.

மாற்றம் மிக மெதுவாக நடப்பதால் கண்ணாடியை நம்ப முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே ஜன்னல், அதே நேரம், அதே வகிடு, உலர்ந்த தலை என்று நெற்றி, உச்சி, வகிடு மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். தினமும் எடுத்தால் பயம்தான் மிஞ்சும்.

சொந்த இரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்துத் தலைத்தோலில் போடும் பிஆர்பி ஊசி சிலருக்கு உதவுகிறது. ஆனால் இரத்தத்தைச் சுழற்றும் முறையும் தட்டணுச் செறிவும் கிளினிக்குக்குக் கிளினிக் மாறுவதால் பலனும் மாறுகிறது. மருந்துக்குப் பதிலாக அதை எடுக்கக் கூடாது. நடவு சிகிச்சையில் டிஎச்டிக்குக் கூசாத பிடரி முடியை முன்னால் கொண்டுவந்து நடுகிறார்கள்; இடம் மாறினாலும் அந்த முடி தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் ஓரென்ட்ரைக் 1959-ல் காட்டினார். பிடரியில் உள்ள இருப்பு ஒரு முறைதான். இருபத்திரண்டு வயதில், மெலிவு எங்கே நிற்கும் என்று தெரியாத நிலையில், நெற்றியைத் தாழ்வாக நட்டுவிட்டால் பத்தாண்டில் பின்னால் உள்ள சொந்த முடி விலகி, நட்டது மட்டும் தனித் தீவாக நிற்கும். நட்ட முடி முதல் மாதத்தில் உதிர்ந்து, நான்காம் மாதம்போல் முளைக்கத் தொடங்கி, ஓராண்டில் முழு வடிவம் பெறும். சொந்த முடியைக் காக்க மருந்து தொடர வேண்டும். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் நடவுக்குப் போகாமல் இருப்பது நல்லது. கீறுவதும் துளையிடுவதும் யார், பயிற்சி பெற்ற மருத்துவரா, உதவியாளரா என்று முன்பணம் கட்டும் முன் கேளுங்கள். யூடியூபும் பயிலரங்கும் பார்த்தது பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளிப்படையாகவே சொல்ல வேண்டி வந்தது.

எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்று முடிவெடுப்பதும் முழுமையான முடிவுதான். இந்த மெலிவால் உடம்புக்கு நேரடிக் கெடுதல் கிடையாது. ஒட்ட வெட்டிக்கொண்டால் உச்சிக்கும் ஓரத்துக்கும் உள்ள வேறுபாடு குறைந்து தெரியும். வெயிலில் போகும்போது உச்சிக்குச் சன்ஸ்கிரீனோ தொப்பியோ வேண்டும், முடியில்லாத தோல் சீக்கிரம் எரியும். விசேஷத்துக்குப் போகும் பெண்கள் வகிட்டில் முடி நிறத்துக்கேற்ற கெரட்டின் தூளைத் தூவிக்கொள்ளலாம். உலர்ந்த முடியில் மருந்து காய்ந்த பிறகு போட வேண்டும். வியர்வையில் கலைந்து நெற்றியில் வழியும் என்பதால் மண்டபத்தில் மின்விசிறிக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்வது நல்லது, இரவு அலசிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.